பீரோவுக்கு ராகு காலம் கிடையாது

எங்க வீட்டுப் பக்கம் ராகு காலம் எட்டிப் பாத்ததே கிடையாது. தாத்தா தங்கவயல் சுரங்கத்துல இருந்தப்பவே குடும்பம் மொத்தமும் புத்தர் பக்கம் வந்துட்டாங்க. அதனால வீட்டுக் காலண்டர்ல நாங்க பாக்குறது ரெண்டே விஷயம் தான். பௌர்ணமி என்னிக்கு, கவர்மெண்ட் லீவு என்னிக்கு. கீழ பொடி எழுத்துல போட்டிருக்கிற நேரமெல்லாம் தாள்ல எடம் காலியா இருக்கக் கூடாதுன்னு அச்சடிச்சதுன்னு தான் ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்தேன்.

இப்படி நெனச்சிட்டு இருக்கிறவன் பெங்களூர்ல வீடு மாத்திக் குடுக்கிற தொழில்ல எறங்கலாமா? நான் எறங்கிட்டேன்.

டெம்போ என்னுது இல்ல. மாமாவோடது. மாமான்னா அக்கா புருஷன். ஃபேக்டரில ஆளக் கொறைச்சப்போ, கைல ஒரு தொகையக் குடுத்து மரியாதையா அனுப்பி வெச்சாங்க. அதுல வாங்குனாரு. ஓட்டுறதுக்கு என்ன வெச்சாரு. நான் ஒம்பதாங்கிளாஸ்ல ரெண்டு தடவ உக்காந்து பாத்தேன். ரெண்டு வருஷமும் அதே பாடத்தையே நடத்துனாங்க. சரி, இவங்ககிட்ட சரக்கு அவ்வளவுதான்னு வெளிய வந்துட்டேன்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துல எங்க ஸ்டாண்டு. மூணு வண்டி நிக்கும். ஒண்ணு நம்மது. இன்னொண்ணு பாயோடது. மூணாவது ஒரு அண்ணனோடது, ஆம்பூர்லருந்து வந்தவரு, அதனால அவரு பேரே எங்களுக்கு ஆம்பூரண்ணன். கம்ப்யூட்டர் வேலைக்குன்னு எந்தெந்த ஊர்லருந்தோ ஆளுங்க வந்து எறங்கிட்டு இருந்த நேரம் அது. பாதி ஊரு பெட்டியத் தூக்கிட்டு வீடு மாத்திட்டு இருந்துச்சு. ஆனா எங்களுக்குக் காலைல ஒரு லோடு தான். அது முடிஞ்சா மீதி நாளு பூரா கேரம் போர்டு. ஸ்டாண்டுல என்ன ஜெயிக்க ஆள் கிடையாது. ரெட் காய்ன நான் கண்ணாலயே பாக்கெட்ல தள்ளுவேன்.

மாமா சாயங்காலம் வந்து ஸ்பீடோமீட்டரக் குனிஞ்சு பாப்பாரு.

"மச்சான், இது ஓடுற நேரத்த விட நிக்கிற நேரம் ஜாஸ்தியா இருக்குதுடா."

"நிக்கிறப்ப டீசல் குடிக்காது மாமா. நல்ல புள்ள."

"நீயும் நிக்கிறப்ப சாப்புடாம இருந்தா பரவால்ல."

இப்படியே ஒன்ற வருஷம் போச்சு. ஒரு நாள், ஆனி மாசம் முடியப் போற நேரம், மாமா கேரம் போர்டு மேல கைய வெச்சு ஆட்டத்த நிறுத்திட்டாரு. ஓசூர்லருந்து ஒருத்தரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியப் பாக்க வர்றாராம். பிடிச்சா அங்கயே அட்வான்ஸ்.

"அப்ப நானு?"

"ஹெப்பகோடில ஒரு கம்பெனில செக்யூரிட்டி வேலை சொல்லி வெச்சிருக்கேன். பன்னெண்டு மணி நேரம் கேட்ல நிக்கணும். உனக்குத்தான் நிக்கிறது நல்லா வருதே."

பாயும் ஆம்பூரண்ணனும் சிரிச்சாங்க. நான் ஸ்ட்ரைக்கரக் கீழ வெச்சேன். அந்த டெம்போ ஸ்டீரிங்குக்குப் பின்னாடி தான் நான் ஒரு ஆளு. எறங்கிட்டா ஒம்பதாங்கிளாஸ் ஃபெயிலு. அது எனக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

அதனால வாயத் தொறந்தேன். "மாமா, வெள்ளிக்கிழமை நமக்கு மூணு புக்கிங் இருக்கு. ஒரே நாள்ல மூணு வீடு. முடிச்சுக் காட்டுனா?"

மாமா கேரம் போர்டுலருந்து கைய எடுத்தாரு. "மூணையும் ஒரு புகார் இல்லாம முடி. வந்த ஆளத் திருப்பி அனுப்பிடுறேன். ஒண்ணு சொதப்புனாலும் சாவியக் குடுத்துட்டு யூனிபார்முக்கு அளவு குடுக்கப் போ."

"பேன்ட் கொஞ்சம் லூஸா தைக்கச் சொல்லுங்க" ன்னு சொல்லிட்டு ஸ்ட்ரைக்கர எடுத்தேன். அந்த ஆட்டம் தோத்துட்டேன்.

மூணு புக்கிங்கும் ஒரே புரோக்கர் பண்ண வேலை. ரயில் பெட்டி மாதிரி ஒண்ணோட ஒண்ணு மாட்டி விட்டிருந்தாரு. அல்சூர்ல ஒரு வீட்டுல ஈரோட்டுப் பக்கத்துத் தம்பதி, புதுசா கல்யாணம் ஆனவங்க. அவரு கம்ப்யூட்டர் கம்பெனி. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு தெனமும் போய் வர முடியலன்னு ஹெப்பகோடிக்குப் போறாங்க. அவங்க காலி பண்ற வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு டீச்சரம்மா வர்றாங்க. டீச்சரம்மா காலி பண்ற வீட்டுக்கு ஒரு பஸ் கண்டக்டர் குடும்பத்தோட வர்றாரு. நான் என்ன திட்டம் போட்டேன்னா, ஆறு மணிக்கு ஈரோட்டுக்காரங்க, பத்து மணிக்கு டீச்சரம்மா, ரெண்டு மணிக்குக் கண்டக்டர். ஒரு வண்டி, ஒரு டிரைவர், மூணு வீடு. நானே என் முதுகத் தட்டிக்கிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீச்சரம்மா ஸ்டாண்டுக்கு வந்தாங்க.

"தம்பி, நாளைக்கு ஒம்பதே காலுக்கு மேல பத்தே காலுக்குள்ள குடி போயிடணும். பத்தரைக்கு ராகு காலம். மத்தியானம் எனக்குப் பள்ளிக்கூடத்துல பரீட்சை டூட்டி. அரை நாள் லீவு தான் குடுத்திருக்காங்க."

"ஆகட்டும் டீச்சரம்மா."

அவங்க தெரு திரும்பல, பக்கத்து எஸ்டிடி பூத்காரரு கூப்புட்டாரு. போன்ல கண்டக்டர். கன்னட வழக்கத்துல அவரு யாரையும் 'குரு'ன்னு தான் கூப்புடுவாரு.

"குரு, நாளைக்கு ஒம்பதே காலு டு பத்தே காலு. அதுக்குள்ள வீட்டுக்குள்ள கால் வெச்சிடணும். என் ஹவுஸ் ஓனர் பன்னெண்டு மணிக்கு சாவி கேக்குறான். பெயின்ட் அடிக்க ஆள் வருது. ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி."

போன வெச்சிட்டுத் திரும்புறேன், ஈரோட்டுக்காரரு ஸ்கூட்டர்ல நிக்கிறாரு.

"ஏங்க, நாளைக்கு ஒம்போதே காலுலருந்து பத்தே காலுக்குள்ள அங்க பால் காய்ச்சோணும்ங்க. ஊர்ல ஜோசியரு குறிச்சுக் குடுத்துட்டாருங்க. பரவால்லீங்களா?"

"ரொம்பப் பரவால்லீங்க" ன்னேன். வாய் தானா சொல்லிடுச்சு.

பாய் கேரம் போர்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்தாரு. "என்ன தம்பி, ஒம்பதே காலுக்கு நீ மூணு பேரா பிரிஞ்சு போவியா?"

"ஆமா பாய். ஒரு கைய உங்களுக்கும் தர்றேன், கேரம் ஆட."

வெளிய தான் கிண்டல். உள்ள கணக்கு போட்டுட்டு இருந்தேன். வேற நாளுக்குத் தள்ளலாம்னா அடுத்த வாரம் ஆடி பொறக்குது. ஆடில யாரும் வீடு மாத்த மாட்டாங்களாம். அதையும் அன்னிக்குத்தான் பாய் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன். போன வருஷம் ஆடில லோடே வராதது மழையினாலன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஒரு கேள்வி கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். எங்க வீட்டுல இல்லாத பழக்கம் ஊர்லயும் இருக்காதுன்னு நெனச்சேன் பாருங்க, அவ்வளவு அறிவு.

பிரச்சினை வெறும் வண்டி இல்ல. டீச்சரம்மா வீட்டுல சாமான் மூணு டிரிப். அதுல பாதி புஸ்தகம். ஒரு மணி நேரத்துல ஒரு டிரிப் தான் உள்ள போகும். அவங்க முழுசா காலி பண்ணாம கண்டக்டர் உள்ள வர முடியாது. பத்தரைக்கு மேல ராகு காலம்னு பன்னெண்டு வரைக்கும் யாரும் சாமான் தொட மாட்டாங்க. பன்னெண்டுக்குக் கண்டக்டர் சாவி குடுக்கணும். எப்படிக் கூட்டுனாலும் இடிக்குது.

சரி, யாரையாவது ஒருத்தரக் கழட்டி விடுவோம்னு முடிவு பண்ணிட்டு டீச்சரம்மா வீட்டுக்குப் போனேன். அவங்க தான் திட்டுனாலும் இலக்கணமா திட்டுவாங்க.

அங்க ஹால் பூரா கோணிப்பை, அட்டைப்பெட்டி. சொல்லணும்னு வாயெடுத்தேன். தைரியம் வரல. நேரத்தக் கடத்துறதுக்காக ஒரு பீரோவத் தட்டிட்டு, "டீச்சரம்மா, நாளைக்கு ஒம்பதே காலுக்கு இந்த பீரோ வலது கால எடுத்து வெச்சு உள்ள போகணுமா?"ன்னு கேட்டேன்.

"பீரோ எதுக்குடா வலது கால் வைக்குது? நான் தான் வைக்கணும்."

"அப்ப பீரோ இடது கால் வெச்சா பரவால்லயா?"

"ஒனக்குக் கிண்டல் தான். பால் பொங்கணும். சாமி படம், குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள். இது உள்ள போயி, பால் பொங்கிடுச்சுன்னா குடி போயாச்சு."

நான் பீரோ மேலருந்து கைய எடுத்தேன்.

"டீச்சரம்மா, ஒரு நிமிஷம். பால் பொங்கிடுச்சுன்னா முடிஞ்சுதா? மீதிச் சாமான்லாம்?"

"அது சாமான் தானே."

"அதுக்கு ராகு காலம் உண்டா?"

பேனாவக் கையில வெச்சுக்கிட்டு விடைத்தாளப் பாக்குற மாதிரி என்னப் பாத்தாங்க. "நான் உள்ள குடி போனதுக்கு அப்புறம் கடைல ஒரு குடம் வாங்கிட்டு வர்றேன்னு வெச்சுக்க. அதுக்கு நேரம் பாப்பேனா? மாட்டேன்."

"அப்ப இந்த பீரோவும் நீங்க கடைல வாங்குன மாதிரி தான்."

"டேய், என்னடா சொல்ல வர்ற?"

சொல்லிட்டேன். மூணு பேருக்கும் ஒரே நேரத்த ஒத்துக்கிட்டது, மாமா, ஓசூர்க்காரரு, செக்யூரிட்டி பேன்ட் எல்லாத்தையும். திட்டுவாங்கன்னு நின்னேன். அவங்க சிரிச்சிட்டு, "நல்ல நேரம் ஒரு மணி நேரம் தான். அதுல பாலும் பொங்கணும், பீரோவும் ஏறணும்னு எல்லாரும் அடிச்சுக்கிறோம். பால் பொங்க அஞ்சு நிமிஷம் போதும்" னாங்க. அப்புறம் ஒரு கண்டிஷன். "புஸ்தகம் ஒண்ணு நனைஞ்சாலும் உன்ன ஒம்பதாங்கிளாஸ்ல மறுபடியும் உக்கார வெப்பேன்."

அந்தப் பயத்துல தார்பாய் டபுளா போட்டேன்.

அங்கிருந்து ஓட்டமா கண்டக்டர் வீடு. அவரு சுலபத்துல மடங்கல.

"அதெப்படி குரு? என் பொண்டாட்டி அடுப்படில பால் காய்ச்சுவா, ஹால்ல டீச்சரோட பீரோ நிக்கும். அடுத்தவங்க வீட்டுல போய் பால் காய்ச்சுன மாதிரி இருக்காதா?"

"ஒம்பது மணிக்கு டீச்சரம்மா சாவிய உங்க சம்சாரம் கைல குடுத்துடுவாங்க. சாவி வந்துட்டா வீடு உங்களுது. பீரோ ரெண்டு மணி நேரம் உங்க வீட்டு விருந்தாளி. வேணும்னா அதுக்கும் ஒரு டம்ளர் பால் வைங்க."

அவரு மொறைச்சாரு. உள்ளருந்து அவரு சம்சாரம் குரல் வந்துச்சு. "பஸ்ல நிக்க எடமில்லாதப்ப இன்னும் பத்து பேர ஏத்துறீங்கள்ல. ஒரு பீரோவுக்கு எடம் குடுக்க மாட்டீங்களா?" அதோட அந்தக் கேஸ் முடிஞ்சுது.

அடுப்படி மட்டும் மூணு வீட்டுலயும் அன்னிக்கு சாயங்காலமே காலியாகணும்னு சொன்னேன். பாத்திரமெல்லாம் ஹாலுக்கு வந்துச்சு. மூணு குடும்பத்துக்கும் ராத்திரி சாப்பாடு ஓட்டல் பரோட்டா. ஈரோட்டுக்காரரு சம்சாரம் மட்டும் சந்தோஷமா இருந்தாங்க. கல்யாணம் ஆகி முதல் தடவையா சமையல் கட்டு லீவாம்.

இனி வண்டி. ஸ்டாண்டுக்கு வந்து பாய்கிட்ட ஹெப்பகோடி லோடக் கேட்டேன். அவருக்கு ராகு காலம் கிடையாது. ஆனா வெள்ளிக்கிழமை ஜும்மா இருக்கு. பன்னெண்டரைக்கு மசூதில இருக்கணும். ஏழு மணிக்குக் கெளம்பி, பால் பொங்குனதும் எறக்கிட்டு, பதினொன்றைக்குத் திரும்பிடலாம்னு வெரல் விட்டுச் சொன்னேன்.

"இவ்வளவு கணக்கு தெரிஞ்சவன் எதுக்குடா ஒன்ற வருஷம் என்கூட கேரம் ஆடுன?"

"உங்களத் தோக்கடிக்க நேரம் வேணும்ல பாய்."

கண்டக்டர் லோடுக்கு ஆம்பூரண்ணன் வண்டி வேணும். அவரு தலையப் பலமா ஆட்டுனாரு, வேணாம்னு. "ராகு காலத்துல வண்டிய ஸ்டார்ட் பண்ண மாட்டேன் தம்பி. ஒரு தடவ பண்ணி டயர் வெடிச்சுது."

"அது டயர் பழசு ணா."

"எதுவா இருந்தா என்ன. ஸ்டார்ட் பண்ண மாட்டேன்."

"பத்தே காலுக்கு ஸ்டார்ட் பண்ணுங்க. பன்னெண்டு வரைக்கும் ஆஃப் பண்ணாதீங்க. டீசல் என்னுது."

அவரு பீடிய வாய்லருந்து எடுத்தாரு. "ஆஃப் பண்ணாம இருந்தா ஸ்டார்ட் பண்ணதா ஆகாது" ன்னாரு. அவருக்கே அவரு கண்டுபிடிச்ச மாதிரி ஒரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஈரோட்டுக்காரங்க சாமான் பாய் வண்டில ஏற ஆரம்பிச்சுது. புது தம்பதி வீடு, கட்டிலு, டிவி, கல்யாணத்துக்கு வந்த நாலு சுவர்க்கடிகாரம். நாலும் நாலு நேரம் காட்டுச்சு. ஏழு மணிக்கு வண்டி கெளம்பிடுச்சு. அவங்க ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல பின்னாடியே. சம்சாரம் மடில பால் பாத்திரம், முன்னாடி கால் வைக்கிற எடத்துல பம்ப் ஸ்டவ். ஏழரைக்குக் குளிகையாம், அதுக்கு முன்னாடி கெளம்பணும். குளிகைல செஞ்சது திரும்பத் திரும்ப நடக்குமாம். "அப்ப குளிகைலயே போங்க சார், அடிக்கடி வீடு மாத்துவீங்க, எனக்கு நல்லது" ன்னேன். அவரு "வேண்டாமுங்க" ன்னு சொல்லிட்டு ஆக்ஸிலேட்டர முறுக்கிட்டாரு.

ஒம்பது மணிக்கு டீச்சரம்மா சாவியக் கண்டக்டர் சம்சாரத்துகிட்டக் குடுத்தாங்க. ஒம்பதே காலுக்கு ஒரே நேரத்துல ரெண்டு தெருவுல ரெண்டு அடுப்பு. ஒண்ணுல பொங்குன பாலு எனக்கு ஒரு டம்ளர், இன்னொண்ணுல பொங்குன பாலு எனக்கு இன்னொரு டம்ளர். இடையில பூத்துக்கு ஹெப்பகோடிலருந்து போன். "பொங்கிருச்சுங்க" ன்னாரு. பின்னாடி அவங்க சம்சாரம் சிரிக்கிற சத்தமும் பாய் யார்கிட்டயோ கட்டிலத் திருப்பச் சொல்ற சத்தமும் கேட்டுச்சு.

மூணு வீடு குடி போயாச்சு. மணி ஒம்பதே முக்கால் கூட ஆகல.

அப்புறம் தான் என் நேரம் ஆரம்பிச்சுது. டீச்சரம்மாவோட முதல் டிரிப் எறங்கிடுச்சு. ரெண்டாவது டிரிப் ஏத்திட்டு இருக்கிறப்ப பத்தரை ஆச்சு. அப்ப மாமா வந்து நின்னாரு. நான் கவுந்து கெடப்பேன்னு பாக்க வந்த மொகம் அது.

"மச்சான், மணி பத்தரைடா."

"தெரியும் மாமா. அந்தப் பெட்டியக் கொஞ்சம் புடிங்க."

"ராகு காலம்டா."

நான் பெட்டியக் கீழ வெச்சேன். "மாமா, நம்ம வீட்டுக்கு ராகு காலம் எப்ப வந்துச்சு?"

மாமா மேல ஆகாசத்தப் பாத்தாரு. அப்பத்தான் புரிஞ்சுது. மனுஷன் வீட்டுல பஞ்சசீலம், பாக்கெட்டுல பஞ்சாங்கம். ஓசூர்க்காரர சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரச் சொன்னதே காலண்டரப் பாத்துத்தான். அக்காவுக்குத் தெரிஞ்சா ஒரு வாரம் சோறு கெடையாது.

"யாவாரம்னு வந்தா எதிராளிக்காகப் பாக்க வேண்டியிருக்குடா" ன்னு முனகுனாரு.

"எனக்காக இந்தப் பெட்டியப் பாருங்க. புஸ்தகம். கனமா இருக்கும்."

மாமா பெட்டியத் தூக்குனாரு. அதுக்கப்புறம் கீழ வெக்கவே இல்ல, அடுத்த பெட்டி, அடுத்த பெட்டின்னு போயிட்டே இருந்தாரு. ஃபேக்டரில இருபது வருஷம் ஓடுன உடம்பு. ஒன்ற வருஷமா வீட்டுல சும்மா உக்காந்து வலிச்சிட்டு இருந்துச்சு போல. மூணாவது டிரிப்ல அன்னிக்குக் கூலிக்கு வந்த லோடிங் ஆளுங்க ரெண்டு பேரும் அவரு பின்னாடி ஓட வேண்டியதாப் போச்சு.

ரோட்டப் பாக்கணுமே நீங்க. ஒம்பதே காலுக்கு அந்தத் தெருவுல நாலு வீடு குடி போறாங்க, வண்டி திருப்ப எடமில்ல, எவன் எவனோ ஆரன் அடிக்கிறான். பத்தரை தாண்டுச்சு, தெரு பளிச்சுன்னு காலி. ரெண்டு தெரு தாண்ட முன்னாடி இருபது நிமிஷம், இப்ப நாலு நிமிஷம். நடு ரோட்டுல ஒரு நாய் படுத்திருந்துச்சு, அதுவும் எந்திரிச்சு எங்களுக்கு வழி விட்டுச்சு.

ஆம்பூரண்ணன் கண்டக்டரோட பழைய வீட்டு வாசல்ல சாமான் ஏத்த வண்டிய நிறுத்திட்டு, இஞ்சின் கடகடன்னு ஓட, சீட்ட விட்டு எறங்காம உக்காந்திருந்தாரு. பீடி பத்த வைக்கக் கூட எறங்கல. ஒரு தடவ இஞ்சினுக்கு லேசா தொண்டை கம்முச்சு. அண்ணன் மொகம் வெளுத்துப் போய் ஆக்ஸிலேட்டர மிதிச்சாரு பாருங்க, அந்தத் தெருவே புகை. கண்டக்டரு துணி மூட்டையோட இருமிக்கிட்டே, "அண்ணா, பஸ்ல கூட இவ்வளவு புகை கிடையாது" ன்னாரு.

பதினொண்ணே காலுக்கு டீச்சரம்மாவோட கடைசிப் பெட்டி வெளிய. அஞ்சு நிமிஷத்துல கண்டக்டரோட முதல் மூட்டை உள்ள. பதினொன்றைக்கு பாய் வண்டி திரும்பி வந்து, அவரும் ஒரு கட்டில் கால் புடிச்சுக் குடுத்துட்டுக் குளிக்க ஓடுனாரு. பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கு, கண்டக்டர் ஹவுஸ் ஓனர் கைல சாவி. டீச்சரம்மா தலை சீவி, பொட்டு வெச்சு, குடையோட பள்ளிக்கூடம் கெளம்பி நிக்கிறாங்க.

"தம்பி, ஒரு புஸ்தகம் கூட நனையல."

"வெயில் அடிக்குது டீச்சரம்மா. நனையாது."

"பாராட்டுனா வாங்கிக்கக் கத்துக்கோ" ன்னு தலைல ஒரு குட்டு வெச்சிட்டுப் போனாங்க. பள்ளிக்கூடத்துல வாங்குன அத்தன குட்டுலயும் அது ஒண்ணு தான் இனிச்சுது.

மத்தியானம் என்ன பண்ணேன் தெரியுமா? தூங்குனேன். டெம்போ பின்னாடி தார்பாய் மேல, ஏரிக் காத்துல, ரெண்டு மணி நேரம். அதுக்கு முன்னாடி ஒன்ற வருஷம் மத்தியானம் பூரா சும்மா தான் இருந்தேன், ஆனா ஒரு நாளும் இப்படித் தூக்கம் வந்ததில்ல. சும்மா இருக்கிறதுக்கும், முடிச்சிட்டு சும்மா இருக்கிறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அன்னிக்குத்தான் முதுகுக்குத் தெரிஞ்சுது.

அஞ்சு மணிக்கு ஓசூர்க்காரர் வந்துட்டாரு. வெள்ளைச் சட்டை, கைல ஒரு மஞ்சப் பை. வண்டியச் சுத்தி வந்து டயர உதைச்சுப் பாத்தாரு. நான் தூக்கக் கலக்கத்துல தார்பாய்லருந்து தலைய நீட்டுனதும் ரெண்டு அடி பின்னாடி போனாரு.

"இது யாரு?"

"வண்டியோட வர்ற பார்ட்டு" ன்னாரு மாமா.

நான் தார்பாய் மேலயே உக்காந்திருந்தேன். மாமா கை ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சாரு. உள்ளங்கைல புஸ்தகப் பெட்டிக் கயிறு வெட்டுன தடம் செவப்பா இருந்துச்சு.

"மன்னிச்சுக்கங்க. வண்டி விக்கிறதுக்கு இல்ல."

"என்னங்க இது? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். என் நேரம் போச்சே. நேத்துப் பேசுனப்ப இந்த வண்டி சும்மா நிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நேத்து வரைக்கும் நின்னுச்சு. இன்னிக்கு ஓடிடுச்சு."

வேற விளக்கம் எதுவும் மாமா குடுக்கல. பஸ் காசும் டீயும் பன்னும் குடுத்து, அவர பஸ் ஸ்டாப் வரைக்கும் நானே டெம்போல கொண்டு விட்டேன். முன் சீட்டுல உக்காந்து வழி பூரா இஞ்சின் சத்தத்தக் கேட்டுட்டே வந்தவரு, எறங்குறப்ப "நல்லாத்தான் வெச்சிருக்க" ன்னாரு. வயித்தெரிச்சல்ல சொன்னாரா, மனசாரச் சொன்னாரான்னு தெரியல. நான் மனசாரவே எடுத்துக்கிட்டேன்.

திரும்பி வந்தா மாமா கேரம் போர்ட நிமித்தி, அது முதுகுல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு இருக்காரு. மேல கெழமை, பக்கத்துல மணி. அதுதான் எங்க முதல் புக்கிங் போர்டு. பாய் வந்து பாத்துட்டு, "நான் தோத்த ஆட்டத்துக்கெல்லாம் பழி தீந்துச்சு" ன்னு முணுமுணுத்துட்டே ஒரு கட்டத்துல அவரு வண்டியையும் எழுதச் சொன்னாரு. வெள்ளிக்கிழமை பன்னெண்டரை மட்டும் காலியா விடணும்னு அவரே சாக்பீஸ வாங்கி ஒரு பிறை வரைஞ்சாரு.

ஆடி வந்துச்சு. மத்த ஸ்டாண்டுலயெல்லாம் வண்டிக்குத் துணி போத்தி வெச்சாங்க. நான் நேரா எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் போய், கம்ப்யூட்டர் பசங்க தங்கியிருக்கிற பிஜி ஹாஸ்டல் வாசல்ல நின்னேன். அந்தப் பசங்க கிட்ட பீரோவும் இல்ல, பாலும் இல்ல. ஒரு மெத்தை, ஒரு பக்கெட், ஒரு கம்ப்யூட்டர் டப்பா. நாலு பசங்க சாமான் ஒரு டிரிப்ல போகும். எந்த நேரம் சார்னு கேட்டா, "சண்டே தூங்கி எந்திரிச்ச அப்புறம்" ம்பாங்க. அதையும் போர்டுல அப்படியே எழுதிக்குவோம்.

யாரு போன் பண்ணாலும் முதல்ல கேக்குற கேள்வி மாறிடுச்சு. எங்கருந்து எங்கன்னு அப்புறம் தான். உங்க நேரத்துல எது நகராது, எது நகரும், அத சொல்லுங்க மொதல்ல. பால் நேரம் நகராது. டூட்டி நகராது. தொழுகை நகராது. மத்ததெல்லாம் நகரும். நகர்றத நகத்துறது தானே எங்க தொழிலே.

ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டாவது டெம்போ வாங்க மாமாவும் நானும் ஷோரூமுக்குப் போனோம். நாளு குறிச்சது மாமா. வெள்ளிக்கிழமை, பதினொரு மணி.

"மாமா, பாக்கெட்டுல இருக்கிறதப் பாத்துட்டுத்தான் சொல்றீங்களா?"

"பாத்துட்டுத்தான்டா சொல்றேன்."

உள்ள போனோம். அவ்வளவு பெரிய ஷோரூம்ல எங்க ரெண்டு பேரத் தவிர ஒரு ஈ காக்கா இல்ல. மேனேஜரே எந்திரிச்சு வந்தாரு. ஒவ்வொரு வண்டியா ஓட்டிப் பாக்கக் குடுத்தாரு, டீ ரெண்டு தடவ வந்துச்சு, ரெண்டாவது தடவ பிஸ்கட்டோட. ஓட்டிப் பாத்தது, பேப்பரு எல்லாம் சேத்தே முக்கா மணி நேரத்துல முடிஞ்சுது. நாங்க கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வர்றப்ப, வாசல்ல மாலையும் எலுமிச்சம்பழமும் கைல வெச்சிட்டு இருபது பேரு பன்னெண்டு மணி ஆகட்டும்னு வெயில்ல நின்னுட்டு இருந்தாங்க. மாமா புது வண்டி ஆரன ஒரு தடவ அமுக்குனாரு. கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு எங்களுக்கு வழி விட்டுச்சு.